பதினைந்தாவது ஆள்

எங்கள் அலிசோ ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் ஒரு வகுப்பு நடக்க வேண்டுமானால் பதினைந்து பேராவது சேர்ந்திருக்க வேண்டும். குறைந்தால், முதல் வாரம் வெள்ளிக்கிழமை மதியத்தோடு அந்த வகுப்புக்கு மங்களம் பாடிவிடுவார்கள். பாடம் நல்ல பாடமா, வாத்தியார் கெட்டிக்காரரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. தலையை எண்ணுவார்கள், அவ்வளவுதான். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகளாக இருப்பதால் அந்தப் பழக்கம் கல்லூரிக்கும் தொற்றிக்கொண்டதோ என்னவோ.

அந்த ஜனவரிச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் "உலக வரலாறு, முதல் பகுதி" வகுப்பில் பத்துத் தலைகள்தான் இருந்தன. அதில் ஒன்று அல்சீராவுடையது.

அல்சீரா தொடக்கப்பள்ளிச் சமையலறையில் வேலை பார்ப்பவள். நாற்பதைத் தாண்டி நாலைந்து வருஷமாகிறது. ஒரே மகள் கல்யாணமாகி ஐடஹோ மாநிலத்தில் இருக்கிறாள். கணவன் அனீபல் சின்னதாக ஒரு பால் பண்ணை வைத்திருக்கிறான். பதினொரு வயதில் அசோர் என்ற போர்த்துகீசியத் தீவிலிருந்து இங்கே வந்தவன். வந்த மறுநாளே மாட்டின் காலடியில் உட்கார்ந்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

இவளுக்கு வரலாற்றுப் பைத்தியம் பிடித்தது ஒரு சமையல் சமாச்சாரத்தால். பள்ளிக்கூடச் சமையல்காரர்கள் எல்லோரும் உணவுச் சுத்தம் பற்றி ஒரு சான்றிதழ் வாங்க வேண்டுமென்று கல்லூரிக்கு அனுப்பினார்கள். இவள் கோழிக்கறியை எத்தனை டிகிரியில் வைக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையின் கதவு திறந்திருந்தது. ரொட்டி கிடைக்காத பாரீஸ் நகரத்துப் பெண்கள் மழையில் அரண்மனை வரைக்கும் நடந்துபோய் ராஜாவையே கையோடு இழுத்துவந்த கதை அந்த அறையில் நடந்துகொண்டிருந்தது. இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போனவள் அந்தக் கதவோரமே நின்றுவிட்டாள். கோழிக்கறி போயே போய்விட்டது. அடுத்த பருவத்தில் அந்த அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்தாள்.

பருவத்துக்கு ஒன்று, முடிந்தால் இரண்டு என்று வகுப்புகளை முடித்து, பயந்து நடுங்கிக் கணக்குப் பாடத்தையும் தாண்டி, கடைசியில் வடக்கே இருக்கும் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்க இடம் வாங்கிவிட்டாள். மூன்று மணி நேரக் கார் பயணம். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே தங்க வேண்டும், சனி ஞாயிறு வீடு. ஆகஸ்டில் சேரலாம், ஆனால் அதற்குள் இந்த முதல் பகுதியை முடித்தாக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பருவத்தில் முதல் பகுதி இருந்தது இந்த ஒரு சாயங்கால வகுப்பில்தான். வீட்டிலிருந்தே கணினியில் படிக்கிற வகுப்பு டிசம்பரிலேயே நிரம்பி வழிந்துவிட்டது.

அடுத்த வருஷம் போனால் என்ன என்று கேட்கலாம். ஊரிலும் கேட்டார்கள். அனீபலின் முதுகு ஆபரேஷனுக்காக ஒரு வருஷம், மகளின் பிரசவத்துக்காக இன்னொரு வருஷம் என்று ஏற்கெனவே தள்ளிப்போட்டவள் அவள். மூன்றாவது தடவையும் தள்ளினால் தான் போகவே மாட்டோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. தன்னைப் பற்றி அவ்வளவு தெளிவாகத் தெரிந்துவைத்திருப்பதும் ஒரு கஷ்டம்தான்.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் டீச்சர் சிரானின் கார் டிக்கியைச் சுற்றி நின்றார்கள். சிரான் அல்சீராவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். ஃபிரெஸ்னோப் பக்கத்து அர்மீனியக் குடும்பத்துப் பெண். மூன்று ஊர்க் கல்லூரிகளில் மணிக்கணக்குக்குப் பாடம் எடுத்து ஓடிக்கொண்டிருப்பவள் என்பதால் எந்தக் கல்லூரியும் அவளுக்கு அறை கொடுக்கவில்லை. காரின் டிக்கிதான் ஆபீஸ். ஒரு பக்கம் விடைத்தாள் கட்டு, ஒரு பக்கம் வரைபடச் சுருள், நடுவில் உலர்ந்த அத்திப்பழம் ஒரு டப்பா. சந்தேகம் கேட்க வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பழம் உண்டு.

"அஞ்சு பேர் குறையுது அல்சீரா. டீன்கிட்ட கெஞ்சிப் பாத்துட்டேன், மசியல," என்றாள் சிரான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்குல்ல மிஸ்?"

"இருக்கு. ஆனா இந்தப் பனியில வண்டி ஓட்டிட்டு வந்து மெசபடோமியா படிக்க யாருங்க ஒத்துக்குவாங்க?"

"அஞ்சு பேர்தானே மிஸ்? எங்க திருவிழாவுக்கு ஐநூறு பேருக்கு சமைக்க ஆள் பிடிக்கிறவ நான். நீங்க வீட்டுக்குப் போயி நிம்மதியா தூங்குங்க."

"அவங்களுக்கு வரலாறு மேல ஆர்வம் இருக்கணுமே?"

"எங்க ஆளுங்க யாரும் ஆர்வமா உருளைக்கிழங்கு உரிக்கிறதில்ல மிஸ். கூப்பிட்டா வருவாங்க."

அது பொய்யில்லை. ஜூன் மாதம் பரிசுத்த ஆவித் திருவிழாவுக்கு ஊர் முழுக்க மாட்டிறைச்சிக் குழம்பில் ரொட்டியை ஊறவைத்து இலவசமாகச் சோறு போடுவோம். அதற்கு வேலையாள் பிடிப்பதற்கென்று அல்சீராவிடம் ஒரு குரல் உண்டு. அந்தக் குரல் போனில் வந்தால் கால் உடைந்தவன்கூடத் திருவிழா மண்டபத்துக்கு நொண்டிக்கொண்டு வந்து வெங்காயம் நறுக்குவான். புதன்கிழமை அந்தக் குரல் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தது.

முதலில் அவள் அண்ணன் எர்மீனியோ. பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் எடுக்கும் லாரி ஓட்டுகிறவன்.

"நான் பள்ளிக்கூடத்த விட்டு ஓடுனதே வரலாறு வாத்தியாராலதான். இப்ப திரும்பிப் போயி மாட்டிக்கச் சொல்றியா?"

"அவரு செத்துட்டாருண்ணே."

"நிஜமாவா? அப்ப சரி, சேத்துக்க."

அடுத்தது துவார்த்தே. பண்ணைகளில் பசுக்களுக்குச் சினை ஊசி போடுகிறவர். "நான் மாட்டோட வருங்காலத்தப் பாக்கற ஆளும்மா, எனக்கெதுக்கு பழங்காலம்?" என்று கொஞ்சம் பிகு பண்ணினார். போன வருஷம் அவர் மகள் திருவிழா ஊர்வலத்தில் ராணியாக வந்தபோது, அவளுடைய நீள அங்கியின் ஓரத்தை ராத்திரி பகலாகத் தைத்துக்கொடுத்தது யார் என்று அல்சீரா விசாரித்தாள். துவார்த்தே சேர்ந்துவிட்டார்.

பாதர் ஒனோஃப்ரேவுக்கு வேறொரு பயம். "கிறிஸ்துவுக்கு முன்னாடி நடந்ததுக்கெல்லாம் எனக்குப் பரீட்சை வெப்பாங்களா? ஃபெயில் ஆயிட்டா பிஷப்புக்குத் தெரிஞ்சுடுமேம்மா."

"ரெண்டு வாரம் உக்காந்துட்டு விலகிக்கோங்க பாதர். தலைதான் கணக்கு."

"விலகறதுக்குன்னே சேர்றது பாவமில்லையா?" என்றார் பாதர். அப்புறம் அவரே, "சரி, சின்னப் பாவம்," என்று தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

கடைசியாக அவள் சித்தப்பா மகள் நதாலியாவும் அவள் புருஷனும். நதாலியா முடி வெட்டுகிற கடை வைத்திருக்கிறாள். கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்று பெயர். ஐந்து பேரையும் தானே பதிந்துவிடுவதாகச் சொன்னாள். "ஒரு வேண்டுதலும் போட்டுடுடி. எல்லாப் பக்கமும் அணை கட்டிரணும்," என்று யோசனையும் சொன்னாள். அதன்படியே அல்சீரா, வகுப்பு நடந்தால் திருவிழாவுக்கு இருபது இனிப்பு ரொட்டி சுட்டுத் தருவதாகப் பரிசுத்த ஆவியிடம் நேர்ந்துகொண்டாள்.

அனீபலை மட்டும் அவள் கேட்கவில்லை.

அவன் இதுவரைக்கும் போகாதே என்று சொன்னதில்லை. போ என்றும் சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. வகுப்பிலிருந்து வந்ததும் அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் அன்றைய பாடத்தை அவனுக்குச் சொல்வாள். அவன் சூப்பை ஆற்றிக் குடித்துக்கொண்டே கேட்பான். ஒரு தடவை, "உன் பேர்ல ஒரு தளபதி, யானைகளப் பனிமலை மேல ஏத்திட்டுப் போயி ரோமாபுரியையே நடுங்க வெச்சான், தெரியுமா?" என்று சொன்னாள். அனீபல் கரண்டியைக் கீழே வைத்தான். "மலை மேல யானைக்குத் தீனி எங்கேர்ந்து கெடைச்சுது?" என்று கேட்டான். அவள் அதை வகுப்பில் போய்க் கேட்டாள். வாத்தியாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து வாத்தியார்களுக்கெல்லாம் தெரியாத கேள்வியாக அனீபல் கேட்டுக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் வந்தால் அந்தச் சாப்பாட்டு மேஜையில் வாரத்தில் ஐந்து நாள் யாரும் பேச மாட்டார்கள். அதனால்தான் இந்த விஷயத்தில் அவனிடம் உதவி கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வெற்றி வீராங்கனையாகக் கல்லூரிக்குப் போனாள். சிரான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"இன்னும் பத்துதான் காட்டுது, அல்சீரா."

அல்சீரா உடனே நதாலியாவுக்குப் போன் போட்டாள்.

"என்னடி உளர்ற? அஞ்சு பேரையும் என் கையால நானே சேத்தேன்," என்றாள் நதாலியா.

"எதுல சேத்த?"

"உலக வரலாறுலதான். ரெண்டாம் பகுதி."

"அடிப்பாவி! ரெண்டாம் பகுதின்னு யாருடி சொன்னா?"

"நீ வெறும் உலக வரலாறுன்னுதான் சொன்ன. பாத்தா ரெண்டு இருக்கு. முதல் பகுதி ஆயிரத்து ஐநூறோட முடிஞ்சுபோவுது. அதுல நம்மாளு எவன் இருக்கான்? அதுக்கப்புறம்தானே நம்ம கப்பலெல்லாம் கெளம்பிச்சு? படிக்கறதுன்னு ஆயிப்போச்சு, நம்ம பெருமை வர்ற பக்கமா படிப்போமேன்னு அஞ்சு பேரும் பேசி வெச்சுதான் சேந்தோம்."

பக்கத்தில் நின்ற சிரானுக்கு அது முழுக்கக் கேட்டது. போனுக்குள் குனிந்து, "வாஸ்கோ ட காமா ஆயிரத்து நானூத்தித் தொண்ணூத்தெட்டுலயே கோழிக்கோட்டுக்குப் போயிட்டாரும்மா. அவரு என் வகுப்புலதான் வர்றாரு," என்றாள்.

"அப்படியா மிஸ்?" என்றது நதாலியாவின் குரல், "ரெண்டு வருஷம் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா அந்த மனுஷன்!"

இனிமேல் மாற்ற வேண்டுமானால் ஒவ்வொருவருக்கும் டீச்சர் ஓர் அனுமதி எண் தர வேண்டும். அந்த எண்கள் அலுவலகத்திலிருந்து வெள்ளிக்கிழமை காலையில்தான் வரும். அப்புறம் மதியம் வரைக்கும்தான் நேரம். அன்றைக்கு வீட்டுக்குப் போன அல்சீரா பாடம் எதுவும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் இரண்டு வரியில் சொன்னாள். அனீபல் ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தான், வாயில் வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அல்சீரா தலையில் வலைத்தொப்பியோடு முந்நூறு பிள்ளைகளுக்குக் கோழித்துண்டு பொரித்துக்கொண்டிருந்தாள். ஏப்ரனுக்குள் ஒளித்துவைத்த போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. நதாலியா கடையில் ஒரு கையால் சாயம் பூசிக்கொண்டு மறு கையால் வகுப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். தானும் புருஷனும் மாறியாயிற்று. எர்மீனியோ லாரியை ஓரங்கட்டி அனுமதி எண்ணை வாங்கிக்கொண்டான். துவார்த்தேயின் வலது கை தோள்பட்டை வரைக்கும் ஒரு பசுவுக்குள் இருந்ததால் பண்ணைக்காரர் அவர் காதில் போனைப் பிடித்தார். பதினாலு ஆயிற்று. இதற்கிடையில் நதாலியா கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாளின் தலை காரட் நிறத்துக்குப் போய்விட்டது. அதற்கு நதாலியா இன்றைக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பாதரிடம்தான் சிக்கிக்கொண்டது. நம்பி ஒரு வேலையைக் கொடுத்தால் சொதப்புகிற ஆள் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் கூட்டத்தில் அது அவர்தான். என்றைக்கோ அதே கல்லூரியில் ஸ்பானிஷ் படிக்கப் போனவராம். பழைய கணக்கின் கடவுச்சொல் மறந்துபோய், நதாலியா புதிதாகப் போட்டுக் கொடுத்ததையும் தானே அடிக்கிறேன் என்று தப்புத் தப்பாக அடித்து, கணக்கே பூட்டிக்கொண்டுவிட்டது. அதோடு யாருக்கோ உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அவசரமாக ஆஸ்பத்திரிக்கும் கிளம்பிப் போய்விட்டார்.

"உன் புருஷனக் கூப்பிடுடி! ஒரே ஒரு ஆளு!" என்று கத்தினாள் நதாலியா.

"வேணாம்."

"ஏன்டி?"

"அவன் முடியாதுன்னு சொல்லிட்டான்னு வையி. அந்த ஒரு வார்த்தையோட நான் காலம் பூரா அவன்கூட குடும்பம் நடத்தணும். கேக்காம இருந்தா அந்த வம்பே இல்ல."

மதியமும் வந்து போயிற்று. கடைசிப் பிள்ளைக்கும் தட்டைக் கொடுத்துவிட்டு அல்சீரா குளிர் அறைக்குள் போனாள். பால் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதாள். அனீபலின் மீது கோபம் வந்தது. அவன் ஒன்றும் செய்யவில்லை, அதனால்தான் கோபம் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தபோது சிரானிடமிருந்து ஒரு செய்தி இருந்தது: "பதினைந்து! செவ்வாய்க்கிழமை பார்க்கலாம்."

சந்தோஷத்தில் பாதருக்குப் போன் போட்டு நன்றி சொன்னாள். "நான் இல்லம்மா. என் கணக்கு இன்னும் பூட்டித்தான் கெடக்கு. நான் இங்க ஆஸ்பத்திரியில இருக்கேன்," என்றார் அவர். பின்னே யார்? ஊரில் விசாரித்துப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் அனீபல் உட்கார்ந்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. தலையில் தண்ணீர் தடவி வாரியிருந்தான். அவன் சாயங்காலக் கறவையை வேலையாளிடம் விட்டதாகச் சரித்திரமே கிடையாது, சொந்த மகளின் கல்யாணத்தன்றுகூட.

"எங்க கெளம்பிட்ட?" என்றாள்.

"வகுப்புக்கு. ஏறு, லேட்டாவுது."

அவள் சாவியை அவனிடம் நீட்டிவிட்டு மறுபக்கம் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பில் கடைசி வரிசையில் எர்மீனியோவுக்கும் துவார்த்தேவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டான். உலகத்தின் முதல் நகரங்களைப் பற்றி சிரான் பாடம் நடத்தினாள். கோயில்களுக்கு மந்தை மந்தையாக மாடு இருந்தது என்று சொன்னதும் அனீபலின் கை மேலே போயிற்று.

"கறந்த பால என்ன பண்ணாங்க மிஸ்? அந்த ஊரு வெயிலுக்கு மத்தியானத்துக்குள்ள திரிஞ்சிடுமே?"

சிரான் கேள்வியை ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். "அடுத்த வகுப்புல சொல்றேன்," என்றாள். அல்சீரா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

திரும்பும் வழியில் பனிமூட்டம் சூழ்ந்துவிட்டது. எங்கள் பள்ளத்தாக்குப் பனி தரையிலிருந்து எழும்புவது. வண்டியின் மூக்கே தெரியாது. அனீபல் ஒரு வாதுமைத் தோப்பு ஓரமாக வண்டியை ஒதுக்கி, விளக்கை மட்டும் எரியவிட்டு நிறுத்தினான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கத்தாத," என்றான்.

"சொல்லு."

"நான் பரிசுத்த ஆவிகிட்ட ஒரு வேண்டுதல் போட்டிருந்தேன். போன செவ்வாக்கிழம, பத்துப் பேர்தான்னு நீ வந்து சொன்னியே, அன்னிக்கு."

"நல்லதுதானே? இதுக்கு நான் ஏன் கத்தணும்?"

"வகுப்பு நின்னுபோகணும்னு வேண்டிக்கிட்டேன். நின்னா, நம்ம செவப்புக் காளைக்கன்னத் திருவிழாக் குழம்புக்குத் தர்றதா."

அல்சீரா கத்தத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் மேலே பேசிவிட்டான்.

"வியாழக்கிழம நீ வந்து, எல்லாரும் வேற வகுப்புல சேந்துட்டாங்கன்னு சொன்னப்ப எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. அவரு கேட்டுட்டாரு பாரு, நெசமாவே கேட்டுட்டாருன்னு," என்றான் அனீபல். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மறுநாள் காலைல நீ வேலைக்குப் போறப்ப உன் வரலாறு பொஸ்தகத்த எடுத்து ஃப்ரிட்ஜ் மேல வெச்சிட்டுப் போன. கவனிச்சியா நீ? நம்ம வீட்டுல ஃப்ரிட்ஜ் மேல என்ன வைப்போம்? ஒடைஞ்சுபோன ரேடியோ, மூடி போன ஜாடி. நான் சாப்பிட உக்காந்தேன். அதப் பாத்துட்டு எனக்கு ஒரு வாய் எறங்கல. பூட்ஸக்கூட கழட்டாம காலேஜுக்குப் போயிட்டேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு என்ன வகுப்பு சார்னு கேட்டுச்சு. என் பொண்டாட்டி படிக்கறதுன்னேன். எதுன்னு கேட்டுச்சு. யானை வர்றது, என் பேர்ல ஒருத்தன் வருவான்னேன். அதுவே டீச்சருக்குப் போன் போட்டு நம்பர் வாங்கிச் சேத்து விட்டுது."

"டீச்சருக்குத் தெரியுமா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நான்தான் சொல்ல வேணாம்னு கேட்டுக்கிட்டேன்."

அல்சீரா பனியைப் பார்த்தபடி இருந்தாள். "அப்ப காளை?" என்றாள்.

"குடுத்துத்தான் ஆகணும். நான் சொன்ன வேலைய அவரு சுத்தமா முடிச்சுக் குடுத்துட்டாரு. முதுகுக்குப் பின்னாடி போயிக் கெடுத்தது நான்தானே? குடுக்காம இருந்தா நியாயமா?"

"நானும் வேண்டிக்கிட்டேன், நடக்கணும்னு."

"என்ன தர்றதா?"

"இருபது இனிப்பு ரொட்டி."

அனீபல் அவளைத் திரும்பிப் பார்த்தான். "முழுக் காளை எங்க, இருபது ரொட்டி எங்க? நெசமாவே அவரு எம் பக்கந்தான் இருந்திருக்காரு," என்றான். அவள் அவன் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணாடியெல்லாம் மூச்சு படிந்து வெள்ளையாகிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள்: "எனக்கு ஒண்ணுதான் புரியல. நான் போகக் கூடாதுன்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே. எதுக்கு அவர்கிட்டப் போன?"

அனீபல், மாட்டு மடிக்குத் தடவும் அயோடின் கறை படிந்த விரல்களால் கண்ணாடியைத் துடைத்தான்.

"உன்கிட்ட சொன்னா நீ இருந்துடுவியே," என்றான்.

அவன் சொன்னது உண்மை. அந்தச் செவ்வாய்க்கிழமை சூப்பு ஆறுவதற்குள் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நதாலியாவுக்கும் பாதருக்கும் போனே போயிருக்காது. பல்கலைக்கழகத்துக்கு அவளே எழுதிப் போட்டிருப்பாள், யாரும் கேட்கும் முன்பே காரணமும் தயாராக வைத்திருப்பாள். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் அந்த வார்த்தையை அவளிடம் சொல்லாமல், பதில் பேசாத ஒருவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். இத்தனை வருஷம் கூடவே இருந்து அவனைத் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாளே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவன் மீது ஆசையாகவும் இருந்தது.

"இப்ப எங்கிட்டயே சொல்லிட்டியே," என்றாள்.

"ஆமா, சொல்லிட்டேன். வாய் சும்மா இருக்கல." அவன் மறுபடியும் கண்ணாடியைத் துடைத்தான். "நீ இல்லாத வீட்டுல எனக்கு ஒண்ணுமே பிடிக்காது அல்சீரா. அதுல மறைக்கறதுக்கு என்ன இருக்கு? ஆனா நீ இருந்துட்டேன்னா, தெனமும் எதுத்தாப்புல உக்காந்து, இவளக் கட்டிப்போட்டது நாமதான்னு நெனச்சுக்கிட்டே நான் சோறு திங்கணும். அது என்னால ஆகாது. இருந்துடாத."

அல்சீரா அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். போன வருஷமெல்லாம் "இடம் கெடச்சா பாக்கலாம்", "வகுப்பு நடந்தா பாக்கலாம்" என்றுதான் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். தனக்குத்தானேகூட அப்படித்தான்.

"நான் போறேன், அனீபல்," என்றாள்.

அவன் தலையாட்டினான். முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, சாலையின் வெள்ளைக் கோட்டைப் பார்த்து வழி சொல்லிக்கொண்டே வந்தாள்.